சிட்னி துறைமுகம், மாலை வெயில்: படத்தில் முகம் கருத்துப்போகிறது, உதவுங்கள்

சிட்னியில் படிக்கிறேன். சனிக்கிழமை காலை வேலை, அதனால் நண்பர்களோடு மிஸஸ் மெக்குவாரிஸ் பாயிண்ட் கரைக்குப் போய் உட்காரவே மூன்று மணி ஆகிவிடும். ஜூலைக் குளிரிலும் அந்த வெயில் அவ்வளவு சுகம், வாரம் முழுக்க இதற்காகத்தான் காத்திருக்கிறேன். அதை ஊரில் அம்மாவுக்கு ஒரு நல்ல படமாக அனுப்ப வேண்டும், அதுதான் அமையவில்லை.

இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் வடமேற்கில், ஓபரா ஹவுஸ், பாலம் இருக்கும் பக்கமே இறங்குகிறது. அவை பின்னணியில் வந்தால் முகம் கருப்பு, தண்ணீர் முழுக்க வெள்ளைப் பளபளப்பு.

கேமரா கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஏற்றினால் வானம் வெளுக்கிறது. நடுப்பகுதியை மட்டும் வைத்து வெளிச்சம் அளக்கும் பார்ஷியல் மீட்டரிங்கிலும் அதே கதி. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டதில் முகம் இன்னும் இருண்டது. உள்ளே இருக்கும் ஃபிளாஷுக்கு ஷட்டர் வேகம் 1/200 நொடிக்கு மேல் போகாது, அதற்காக லென்ஸ் துளையை எஃப் 11 வரை குறைத்தால் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு மீட்டர்கூடத் தாண்டுவதில்லை. அப்புறம், வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த மூன்று படங்களை ஒன்றாகச் சேர்த்தும் பார்த்தேன், நடுவில் ஃபெரி நகர்ந்து இரட்டையாக விழுகிறது.

காலையில் போக வழியில்லை. மாணவர் கைக்காசில் ஒன்றுதான் வாங்க முடியும்: இந்த வெளிச்சத்துக்கு வெயிலை முகத்தில் திருப்பிவிடும் மடக்கு ரிஃப்ளெக்டர் போதுமா, ஹைஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் வேலை செய்யும் வசதி) உள்ள தனி ஃபிளாஷேதான் வேண்டுமா?