ஃபைட்டர் மீனோடு எந்த மீனை விடலாம்? கப்பி விட்டு வால் கிழிந்துவிட்டது

கயல்வீடு, பெரம்பூர்

வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் கொளத்தூரில் ஒரு ஃபைட்டர் வாங்கினோம். கருநீலம், வால் அரைவட்டமாக விரியும் ஹாஃப்மூன் வகை. கடையில் டீ கப் அளவு டப்பாவில் இருந்தது. இப்போது ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டியில் இருக்கிறது. தண்ணீர் 25 லிட்டர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் ஜாவா மாஸ் (பாசி மாதிரிச் செடி), ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டி. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். 'மேகம்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பாள். மேகமும் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும். "நான் ஸ்கூலுக்குப் போனா அது தனியா இருக்குமே அம்மா" என்பதுதான் அவளுக்குக் கவலை. அதற்காகப் போன ஞாயிறு நான்கு ஆண் கப்பி வாங்கினோம். ஒன்றும் ஆகாது என்று கடையில் சொன்னார்கள். அரை மணி நேரம் மேகம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் செவுள் மூடியை விரித்துக்கொண்டு துரத்த ஆரம்பித்தது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரு கப்பிக்கு வாலே இல்லை, கத்தரித்த மாதிரி மொட்டையாக இருந்தது. மறுநாள் காலை அது செத்து மிதந்தது. மேகத்தின் வாலிலும் இரண்டு கிழிசல். மீதி மூன்று கப்பியை வாளியில் விட்டிருக்கிறேன்.

"மேகம் கெட்டவனாம்மா?" என்று கேட்டு அழுகிறாள். இதோடு சேர்ந்திருக்கும் மீன் எது? தனியாகவே விட்டால் ஏங்கிப் போகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சைதை அக்வா

அக்கா, உடனே பிரித்தது நல்லது. வால் கிழிசலுக்கு மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் தானே வளரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்து கட்டாயம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை மாற்றும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

தெருவில் பாதாம் மரம் இருந்தால் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். தண்ணீர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம். ஃபைட்டருக்குப் பிடித்த நிறம் அது. கிழிசலின் ஓரம் கறுத்தோ பஞ்சு படிந்த மாதிரியோ ஆனால் போட்டோ போடுங்கள்.

பழைய தொட்டி

சகோதரி, முதலில் மகளிடம் சொல்லுங்கள், மேகம் கெட்டவன் இல்லை. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் செடி மண்டிய ஆழமில்லாத குட்டைகளிலும் வாழ்ந்த மீன் அது. 2019இல் அந்த நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. ஆண் மீன் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, நீர்மட்டத்தில் காற்றுக் குமிழிகளால் கூடு கட்டும். முட்டையையும் குஞ்சையும் காப்பது அப்பன்தான். இன்னோர் ஆண் அங்கே வந்தால் துரத்தும். வயலில் தோற்றது ஓடிவிடும், சண்டை அதோடு முடியும். தொட்டியில் ஓட இடம் ஏது? ஆண் கப்பியின் பெரிய வண்ண வாலைப் பார்த்ததும் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டதாக அது நினைத்திருக்கும். தன் வீட்டைக் காத்தது, அவ்வளவுதான்.

ஏங்குமா என்று கேட்டீர்கள். டெட்ரா, கோரி மாதிரிக் கூட்டமாக வாழும் மீனை ஒண்டியாக விட்டால் பயந்து மூலையில் ஒடுங்கும். ஃபைட்டர் அந்த ரகம் இல்லை. அதற்கு வேண்டியது வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீர் (25 முதல் 28 டிகிரி), நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து படுக்க ஓர் அகல இலை, அப்புறம் உங்கள் மகள். சாப்பாடு போடும் ஆளை அது நன்றாக அடையாளம் காணும். பள்ளி விட்டு வரும்போது கண்ணாடி ஓரம் வந்து நிற்கிறதே, அது அவளுக்காகத்தான்.

துணை வைத்தே ஆக வேண்டும் என்றால் 25 லிட்டரில் நான் நத்தைக்கு மேல் போக மாட்டேன். மிஸ்டரி நத்தை ஒன்று போதும். என் சிவப்பு ஃபைட்டரோடு விட்டபோது முதல் இரண்டு நாள் நத்தையின் கொம்பைக் கொத்திப் பார்த்தது. கொத்தினால் நத்தை உள்ளே போய் மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொம்பை மட்டும் மெதுவாக நீட்டும். மூன்றாம் நாள் மீனுக்கே சலித்துவிட்டது. தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டி நிறைய நத்தை.

பின்னால் இரண்டடி தொட்டி (2×1×1 அடி, சுமார் 56 லிட்டர்) வாங்கினால் ஆறு கோரி விடலாம். அடியில் மேயும், குட்டை வால், உடம்பில் கவசம் மாதிரித் தகடு. ஃபைட்டர் மேலே, கோரி கீழே, இரண்டும் குறுக்கிடுவது குறைவு. ஆனால் ஒன்று இரண்டு வாங்காதீர்கள், ஆறாவது வேண்டும். கூரான கல்லுக்குப் பதில் மெல்லிய மணல் போடுங்கள், கல்லில் அதன் மீசை தேய்ந்துவிடும். புது மீனை நேரே கொட்டாமல் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் வருகிறதா என்று பாருங்கள். முதலில் கோரியை விட்டு, கல், செடி, சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி, கடைசியாக ஃபைட்டரை விடுங்கள். பழைய எல்லை மறந்துபோகும்.

நான் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோரிக்கு அடியில் மூழ்கும் மாத்திரைத் தீனியைப் பகலில் போட்டேன். ஃபைட்டர் கீழே இறங்கி அதையும் தின்றது. நான்கே நாளில் வயிறு கோலிக்குண்டு மாதிரி உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. இரண்டு நாள் பட்டினி போட்ட பிறகுதான் நிமிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து விளக்கை அணைத்து அரை மணி கழித்துத்தான் கோரிக்குத் தீனி.

வேண்டவே வேண்டாதவை: டைகர் பார்ப் (வாலைக் கடிக்கும்), கௌராமி (ஃபைட்டருக்குப் பங்காளி, சண்டை நிச்சயம்), கோல்டு ஃபிஷ் (குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம்). அப்புறம் 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று கடையில் தரும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்கி வருவோம், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், அது அங்கே இருக்கிற மீன்களுக்கு எமன். தயவுசெய்து வாங்காதீர்கள்.

திருச்சி ராஜமீன்

என்னிடம் ஃபைட்டரும் கப்பியும் ஒரு வருஷமாக ஒரே தொட்டியில் இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே? மூன்றடி தொட்டி, செடி நிறைய. மீனைப் பொறுத்தது என்று நினைக்கிறேன்.

பழைய தொட்டி

உண்மைதான் தம்பி, சாது மீனும் உண்டு. ஆனால் மூன்றடித் தொட்டியில் கப்பி செடிக்குள் நுழைந்து தப்பிக்கும், ஒன்றரை அடியில் எங்கே போகும்? ஒரு வருஷம் சும்மா இருந்த மீன் ஒரு ராத்திரியில் மாறியதையும் பார்த்திருக்கிறேன். பிரித்து வைக்க இன்னொரு தொட்டியோ வாளியோ எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கயல்வீடு, பெரம்பூர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிறது. கிழிசலின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் புது வால் வந்திருக்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. எதிர்வீட்டுப் பாதாம் மரத்திலிருந்து மகளே இலை பொறுக்கி வந்தாள்.

மூன்று கப்பியும் மொட்டைமாடியில் அல்லி வைத்திருக்கும் தொட்டிக்குப் போய்விட்டன. அதில் இருந்த கொசுப்புழு ஒன்றுகூட மிச்சமில்லை.

'வீட்டைக் காத்தது' என்று நீங்கள் எழுதியதை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "அப்ப அந்தக் கப்பியை நாமதானே அது வீட்டுக்குள்ள விட்டோம்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நேற்றுக் காலை மேகம் மாஸுக்குப் பக்கத்தில் குமிழிக்கூடு கட்டியிருந்தது, ஐந்து ரூபாய் நாணயம் அளவு. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பிக் காட்டினேன். நத்தை வாங்குவதைக் கூடு கலைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.