வெர்தன்ல இறந்துபோன பாண்டி சிப்பாய், எங்க போய்க் கும்பிடுறது?

முத்தியால்பேட்டைப் பொண்ணு:
எங்க பாட்டியோட பெரியப்பா முதல் உலகப் போர்ல, 1916ல பிரான்ஸ்ல நடந்த வெர்தன் சண்டையில போய்ட்டாருன்னு வீட்ல சொல்லுவாங்க. உடம்பு வரல, ஒரு பேப்பர் மட்டும் வந்துச்சு, அத பாட்டி டிரங்குப் பெட்டியில மஞ்சத்துணில சுத்தி வச்சிருந்தாங்க. பீச் ரோட்டுல 1938ல திறந்த போர் நினைவுச் சின்னத்துக்கு ஜூலை 14 அன்னைக்குத் தவறாம போவாங்க. மே மாசம் அம்மாவோட பிரான்ஸ் போறேன். அங்க நவ்-சப்பேல்ன்ற ஊர்ல இந்தியர் நினைவிடம் இருக்காமே, அங்க அவர் பேர் இருக்குமா?

கடலூர் ஓ.டி:
இருக்காதுங்க. அது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் கட்டினது, 1927ல திறந்தாங்க. நான் பிரான்ஸ்ல லில் நகரத்துல படிக்கும்போது போனேன், வட்டமா சுவர், தாமரைத் தலை வச்ச பெரிய தூண், ரெண்டு பக்கமும் கல்லுல புலி, உடம்பு கிடைக்காத 4,700க்கும் மேல ஆளுங்க பேரு. மழைல சுவரெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு, பேர் மேல விரல வச்சா ஒவ்வொரு எழுத்தும் சில்லுன்னு இருந்துச்சு. உங்க ஊரு ஆளுங்க பிரெஞ்சு படையில போனவங்க, அவங்கள பிரெஞ்சுக் கணக்குலதான் தேடணும்.

பாண்டி தம்பி:
அக்கா, மெமுவார் டெ ஓம்-னு பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தோட சைட் இருக்கு, இலவசம். இறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை, படைப்பிரிவு, இறந்த தேதி, இடம் எல்லாம் கையால எழுதியிருக்கும். பேர மட்டும் பிரெஞ்சுக்காரன் காதுல விழுந்த மாதிரி தேடுங்க, முத்துசாமின்னா எம்-க்கு அப்புறம் ஓ, யூ ரெண்டும் வரும், சில சமயம் அப்பா பேரும் ஆள் பேரும் இடம் மாறிக் கிடக்கும். மொதல்ல அந்தப் பேப்பர்ல இருக்குற ஸ்பெல்லிங்க அப்படியே போட்டுப் பாருங்க.

கடலூர் ஓ.டி:
கல்லறை இல்லன்னா துவோமோன் போங்க, வெர்தன் ஊருக்கு வெளில. யாருன்னே தெரியாத 1,30,000 பேரோட எலும்ப, பிரெஞ்சு ஜெர்மன் ரெண்டு பக்கமும் சேர்த்து, ஒரே கட்டடத்துல வச்சிருக்காங்க. வெளிச்சுவர்ல கீழ சின்னச் சின்ன ஜன்னல், குனிஞ்சு பார்த்தா எலும்பு தெரியும், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

முத்தியால்பேட்டைப் பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. பேப்பர்ல இருந்த ஸ்பெல்லிங்லயே அட்டை கிடைச்சிடுச்சு தம்பி! பிறந்த ஊருன்ற இடத்துல பாண்டிச்சேரி, இறந்த இடம் வெர்தன், கல்லறை எங்கயும் இல்ல. துவோமோனுக்கே போறோம். அம்மா இப்பவே நம்ம பீச் மண்ணு ஒரு பிடி அள்ளி சம்படத்துல போட்டு வச்சிட்டாங்க.