லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறோமே, வேட்டை அமைப்புகளிலும் சேர வேண்டுமா? (விஸ்கான்சின்)

கேள்வி: ஏரிக்கரை

வணக்கம். மில்வாக்கி பக்கம் இருக்கேன், எச்-1பி விசா. ஹன்டர் எஜுகேஷன் முடிச்சு மான் வேட்டை லைசென்ஸ் வாங்கியாச்சு. நவம்பர் ஒன்பது நாள் கன் சீசனுக்குத் தயாராகிறேன். கடைக்குப் போனாலும் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனாலும் வாத்து, வான்கோழி, எல்க், மான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமைப்பு, "உறுப்பினர் ஆகுங்க"ன்னு நோட்டீஸ் கொடுக்கிறாங்க.

லைசென்ஸுக்குத்தான் பணம் கட்டுறோமே, அது போதாதா? சேரணும்னா எதுல சேரலாம்? சந்தாப் பணம் எங்க போகுதுன்னு எப்படிப் பார்க்கிறது? விசாவுல இருக்கிறவங்க இதுக்கெல்லாம் பணம் கொடுத்தா பின்னால சிக்கல் வருமா?

பதில்: வடகாடு

லைசென்ஸ் பணம் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். அது தெரிந்தால்தான் அமைப்புகள் எதற்கு என்பது புரியும்.

1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டா, வில் சாமான்கள் மீது 11 சதவீதமும் கைத்துப்பாக்கி மீது 10 சதவீதமும் மத்திய வரி உண்டு. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் கட்டுவதால் உங்கள் பில்லில் அது தனியாகத் தெரியாது. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரிகிறது. பிரிக்கும் கணக்கில் பாதி மாநிலத்தின் பரப்பளவு, மறுபாதி கட்டண லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை. ஆக, நீங்கள் லைசென்ஸ் வாங்கியதாலேயே விஸ்கான்சினின் பங்கு கொஞ்சம் கூடுகிறது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு: லைசென்ஸ் வருமானத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலத்துக்கு இந்தப் பணம் கிடைக்காது.

ஆனால் இதை எடுக்க ஒரு நிபந்தனை. திட்டச் செலவில் மத்திய அரசு 75 சதவீதம் வரைதான் தரும். மீதி 25-ஐ மாநிலம் காட்ட வேண்டும். அமைப்புகள் உள்ளே வரும் இடம் இதுதான். அவர்கள் தரும் ஒரு டாலரை மாநிலம் தன் பங்காகக் காட்டினால் அதற்கு மூன்று டாலர் மத்தியப் பணம் வரும். ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களின் மணி நேரத்தையும் பணமதிப்பாகக் கணக்கிட்டு இந்தப் பங்கில் காட்டலாம். வகுப்பு முடிந்ததும் பயிற்றுநர் மணிக்கணக்குத் தாளில் கையெழுத்துப் போடுகிறாரே, அது இதற்காகத்தான். அந்தத் தாள் ஒழுங்காக வராவிட்டால் அந்த மணி நேரமும் கணக்கில் வராது, பின்னால் வரவேண்டிய பணமும் வராது.

சதுப்பு நிலங்களுக்கு 1989-இல் வந்த தனிச் சட்டம் இன்னொன்று. அதில் மானியம் வாங்க, மத்திய அரசு சாராத பணம் குறைந்தது சரிக்குச் சரி இருக்க வேண்டும். வாத்துகளின் வாழிடத்துக்காக வேலை செய்யும் டக்ஸ் அன்லிமிடெட் போன்ற அமைப்புகள் டின்னர் நடத்தித் திரட்டுகிற காசு அங்கே பெரிதாக உதவுகிறது.

நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். 1995-இல் மிச்சிகனிலிருந்து 25 எல்க் மான்களைக் கொண்டுவந்து கிளாம் லேக் காட்டில் விட்டார்கள். அந்த மந்தை பெருகி, 2018-இல் முதல் முறையாக வேட்டை அனுமதி வந்தது. ராக்கி மவுன்டன் எல்க் ஃபவுண்டேஷன் அதற்குத் தோள் கொடுத்த அமைப்பு. அந்த முதல் சீசனில் ஒரு டேக் (ஒரு விலங்கை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு) அவர்கள் நடத்திய குலுக்கல் மூலம் போனது. ஒப்பந்த உரிமைப்படி பாதி டேக் ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு. நீங்கள் எல்க் டேகுக்கு விண்ணப்பித்தால் கட்டும் 10 டாலரில் 7 டாலர் எல்க் பராமரிப்புக்கே போகிறது. டேக் விழாவிட்டாலும் அது வீண் செலவு இல்லை.

பதில்: மேற்குத்தடம்

வடகாடு பணத்தைப் பற்றி நல்லாச் சொல்லிட்டார். எனக்கு அதைவிடப் பெரிசாப் படுறது வேற: முடிவு எடுக்கிற இடத்துல நமக்காக யார் பேசுறாங்க?

டி.என்.ஆர். (மாநில இயற்கை வளத் துறை) அதிகாரிகள் உயிரியல் விவரம் தருவாங்க. வாக்கெடுப்புக்கு வந்த கேள்வியில "இப்படிப் போடுங்க"ன்னு அரசுத் துறை பிரச்சாரம் பண்ண முடியாது. கொலராடோவுல 2024 நவம்பர்ல மலைச்சிங்கம், பாப்கேட் (ஒரு வகைக் காட்டுப்பூனை) வேட்டையைத் தடை பண்ணுற 127-ஆம் முன்மொழிவு வந்தது. ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வேண்டாம்னு போட்டுத் தோற்கடிச்சாங்க. நகரத்துல இருக்கிற, வேட்டையே பார்க்காத வாக்காளர்கிட்ட எத்தனை விலங்கை வேட்டையாடலாம்ங்கிற ஒதுக்கீட்டை எப்படிப் போடுறாங்க, கறியை ஏன் வீணாக்கக் கூடாதுங்கிறதையெல்லாம் விளக்கினது வேட்டை அமைப்புகள்தான். தனியாளா ஒருத்தர் இதைச் செய்ய முடியாது.

பொது நிலம் இன்னொரு விஷயம். 2017-இல் சுமார் 33 லட்சம் ஏக்கர் மத்திய நிலத்தை விற்கச் சொல்லி ஒரு மசோதா வந்தது. வேட்டைக்காரங்களும் மீன்பிடிக்கிறவங்களும் போன் மேல போன் போட்டதுல சில நாள்லயே அதைக் கொண்டுவந்தவரே திரும்ப வாங்கிட்டார். 2025 ஜூன்ல பட்ஜெட் மசோதாவுக்குள்ள அதே மாதிரி விற்பனை யோசனை மறுபடி நுழைஞ்சது. அதுவும் நீக்கப்பட்டது. மசோதாவோட உள்பக்கத்துல இருக்கிற ஒரு பத்தியைக் கண்டுபிடிச்சு, ரெண்டு நாள்ல லட்சம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்ப முழுநேர ஆள் வேணும். சந்தா அந்த ஆளுக்கான சம்பளம். அமைப்புகளோட சம்பளச் செலவைப் பார்த்ததுமே முகம் சுளிக்கிறவங்க இதை யோசிக்கணும்.

வயோமிங் வழக்கையும் தெரிஞ்சுக்கோங்க. அங்க பல இடத்துல பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி வரும். ஒரு பொதுக் கட்டத்துலேர்ந்து அடுத்த பொதுக் கட்டத்துக்கு மூலை வழியாத்தான் போகணும். 2021-இல் மிசௌரியிலேர்ந்து போன நாலு வேட்டைக்காரங்க அந்த மூலையில ஏணி வச்சுத் தாண்டினாங்க, தனியார் மண்ணுல கால் படல. அத்துமீறல்னு குற்ற வழக்கு. 2022-இல் ஜூரி விடுவிச்சது. நில உரிமையாளர் 70 லட்சம் டாலருக்கு மேல நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போட்டார். பேக்கன்ட்ரி ஹன்டர்ஸ் அண்ட் ஆங்லர்ஸ் அமைப்போட வயோமிங் கிளை வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினாங்க. 2025 மார்ச்ல பத்தாவது சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்துக்குப் போற வழியை அடைக்கக் கூடாதுங்கிற 1885-ஆம் வருஷத்து வேலிச் சட்டத்தை வச்சு வேட்டைக்காரங்க பக்கம் தீர்ப்புச் சொன்னது. அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்திடுச்சு. இது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமா ஆறு மாநிலத்துக்கு. விஸ்கான்சினுக்கு இல்ல, இங்க மூலை தாண்டிப் பார்க்காதீங்க.

காசே கொடுக்காம குரல் கொடுக்க விஸ்கான்சின்ல ஒரு அருமையான வழி இருக்கு: கன்சர்வேஷன் காங்கிரஸ்ங்கிற மக்கள் ஆலோசனை அமைப்பு, 1934-லேர்ந்து நடக்குது. 72 கவுண்டி, ஒவ்வொண்ணுக்கும் 5 பிரதிநிதி. ஏப்ரல்ல ஒவ்வொரு கவுண்டியிலயும் கூட்டம். ஆன்லைன்லயும் கருத்துப் பதியலாம். கவுண்டிவாசி யாரும் ஒரே பக்கத்துல தீர்மானம் எழுதித் தரலாம். பிரச்சனை என்ன, எந்த விதியை மாத்தணும், எப்படி மாத்தணும், மூணும் தெளிவா இருக்கணும். "மான் குறைஞ்சு போச்சு, ஏதாவது செய்யுங்க"ன்னு எழுதினா அது எங்கேயும் போகாது. எந்த மான் நிர்வாக யூனிட், எந்த டேக், எத்தனைன்னு எழுதுங்க.

பதில்: கணக்குப்பிள்ளை

சந்தா எங்கே போகிறது என்ற கேள்விக்கு.

அமைப்பின் பெயரைப் போட்டு ‘990 படிவம்’ என்று தேடுங்கள். வரி விலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்வது. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே ஆண்டைப் பார்க்காமல் மூன்று ஆண்டுகளை ஒப்பிடுங்கள்.

பகுதி 9-இல் செலவு மூன்று பத்திகளாக இருக்கும்: திட்டம், நிர்வாகம், நிதி திரட்டல். எல்லோரும் இந்தச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே பகுதியின் கடைசியில் 26-ஆவது வரியில் ‘கூட்டுச் செலவு’ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா கேட்டு அனுப்பும் தபாலில் கொஞ்சம் வனவிலங்குத் தகவலைச் சேர்த்து, அச்சு, தபால் செலவின் ஒரு பகுதியைக் ‘கல்வி’ என்று திட்டக் கணக்கில் எழுத விதி இடம் தருகிறது. இந்தத் தொகை பெரிதாக இருந்தால், மேலே காட்டும் நல்ல சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

டின்னர் கணக்கு அட்டவணை ஜி-யில். மொத்த வசூல் ஒரு வரி, பரிசுப் பொருள், சாப்பாடு, மண்டப வாடகை தனி வரிகள். மேடையில் அறிவிப்பது மொத்த வசூலைத்தான்; காட்டுக்குப் போவது செலவு போக மிஞ்சும் நிகரம். பரிசுத் துப்பாக்கிகளை முழு விலைக்கு வாங்கும் கிளைக்கு நிகரம் மெலிந்துவிடும். உள்ளூர்க் கடைகளிடம் நன்கொடையாகப் பெறும் கிளையில் அதே கூட்டத்துக்கு நல்ல தொகை மிஞ்சும்.

கிளைப் பணத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஃபெசன்ட் பறவைகளின் வாழிடத்துக்காக வேலை செய்யும் ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் அமைப்பில் உள்ளூரில் திரட்டிய பணத்தை எங்கே செலவழிப்பது என்பதை அந்தக் கிளையே முடிவு செய்யும். வேறு சிலவற்றில் பெரும்பகுதி தலைமையகத்துக்குப் போகும். அதில் தவறில்லை, சதுப்பு நிலம் வாங்குவதெல்லாம் பெரிய கையால்தான் முடியும். ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும்.

வரிக் கழிவு: அமைப்பு வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் இருக்கிறது என்றால் நன்கொடை கழிவுக்கு உரியது, வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது, சட்டமன்றத்தில் பேசுவதற்கும் வரம்பு உண்டு. 501(சி)(4) என்றால் தாராளமாகப் பேசலாம், உங்களுக்கு நன்கொடைக் கழிவு இல்லை. 100 டாலர் டின்னர் டிக்கெட்டில் சாப்பாட்டின் மதிப்பு 40 என்றால் கழிவு 60 மட்டும். 75 டாலருக்கு மேல் போனால் அந்த மதிப்பை அவர்களே எழுதித் தர வேண்டும். ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டுக்குக் கழிவே கிடையாது, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

எல்லாவற்றிலும் சேராதீர்கள். நீங்கள் வேட்டையாடும் விலங்கின் வாழிடத்துக்கு வேலை செய்யும் ஒன்று, சட்டமன்றத்தில் பேசக்கூடியது ஒன்று, போதும்.

பதில்: கோத்தகிரி

ஒரு சின்னக் குறிப்பு. இது நமக்குப் புதுசு இல்லை. நீலகிரியில் வேட்டைக்காரர்களே சேர்ந்து 1877-இல் நீலகிரி கேம் அசோசியேஷன் தொடங்கினார்கள். 1879-இல் சட்டம் வந்தது. வேட்டை கூடாத பருவமும் லைசென்ஸும் நடைமுறைக்கு வந்தன, காவலுக்கு ஆள் போட்டார்கள். வரையாடு அங்கே பிழைத்ததில் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சங்கத்தில் இருந்தவர்கள் துரைமார்களும் எஸ்டேட்காரர்களும். காட்டையே நம்பி வாழ்ந்த மக்களுக்கு அதில் குரல் இல்லை. 1972-இன் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதே சங்கம் வேறு பெயரில் வனவிலங்குப் பாதுகாப்பு வேலை செய்கிறது. அதனால் எந்த அமைப்பிலும் சேருமுன் ஓட்டுரிமை யாருக்கு, கிளைத் தேர்தல் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பதில்: வடகாடு

விசா விஷயத்தை யாரும் தொடவில்லை. இதுதான் உங்களுக்கு மிக முக்கியம்.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுத் தடை உண்டு. அதற்கு விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். விஸ்கான்சின் லைசென்ஸ் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. சீசன் நவம்பரில் முடிந்துவிட்டது, அடுத்த இலையுதிர் காலத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏப்ரல் 1 அன்று பீரோவில் இருக்கும் ரைஃபிளே குற்றமாகிவிடும். மார்ச் மாதத்திலேயே அடுத்த ஆண்டுக்கான வேட்டை லைசென்ஸ் ஒன்றை எடுத்துவிடுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

உறுப்பினர் சந்தா, நன்கொடை, டின்னர் எதற்கும் தடை இல்லை. ஆனால் கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் தேர்தலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. சில அமைப்புகளின் படிவத்தில் அரசியல் நிதிக்கென்று தனிக் கட்டம் இருக்கும், அதில் டிக் போடாதீர்கள். வாக்கெடுப்புப் பிரச்சார நிதியிலிருந்தும் விலகி இருங்கள். விதி மாற்றங்களுக்குக் கருத்து அனுப்புவது யாருக்கும் திறந்திருக்கிறது. டாக்கெட் எண் (அந்த விதி மாற்றத்தின் கோப்பு எண்), பிரிவு எண் போட்டு உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். நகலெடுத்த கடிதம் ஆயிரம் போனாலும் ஒரே வாதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஏரிக்கரை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மார்ச் 31 விஷயம் தெரியவே தெரியாது. ஒரு கிளையில சேர்றேன். பணம் தவிர இந்த சீசன்லயே கைவேலையா என்ன செய்யலாம்? டின்னர் ராஃபிள்ல துப்பாக்கி விழுந்தா விசாக்காரன் வாங்கலாமா?

பதில்: மேற்குத்தடம்

கைவேலைன்னா சி.டபிள்யூ.டி.ங்கிற, மான்களைக் கொல்லுற மூளை நோய்க்கான வேலை. 2002-லேர்ந்து இங்க இருக்கிற பிரச்சனை. கழிவு மூலம் பரவாம இருக்க எலும்பு, முதுகுத்தண்டு எல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போகணும். அதுக்கு டி.என்.ஆர். டம்ப்ஸ்டர்களையும் (பெரிய குப்பைத் தொட்டி), சோதனைக்காக மான் தலையைப் போடுற கியாஸ்க்குகளையும் தத்து எடுக்கச் சொல்றாங்க; கிளைகள் எடுக்குது. கியாஸ்க்ல பை, ஃபார்ம், பேனா இருக்கான்னு பார்த்து நிரப்ப ஆள் தேவைப்படும். தலையை வெட்டும்போது கழுத்துல 3-லேர்ந்து 5 அங்குலம் விடச் சொல்லுங்க. தாடைக்கு ஒட்டி வெட்டினா தொண்டைக்குப் பின்னால இருக்கிற நிணநீர்க் கணு போயிடும், சோதனைக்கு எடுக்க ஒண்ணும் இருக்காது. கொம்பை மட்டும் தனியா அறுத்து எடுத்துக்கலாம்.

ராஃபிள்: பரிசுத் துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற டீலர் மூலமாத்தான் தருவாங்கன்னா, 4473 படிவமும் பின்னணிச் சரிபார்ப்பும் கடையில வாங்கும்போது மாதிரியேதான். செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ், ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு) எண், முகவரிச் சான்று எடுத்துட்டுப் போங்க. லைசென்ஸ் போன்ல மட்டும் இருந்தா சில டீலர் ஏத்துக்க மாட்டாங்க, ஒரு பேப்பர் பிரின்ட் கையில இருக்கட்டும்.