அப்பாவின் 28 அடி பைபர் படகு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தரங்கம்பாடிக்காரன் (ஆகஸ்ட் 17)

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் பைபர் படகை நானே சரிசெய்யலாம் என்றிருக்கிறேன். 28 அடி, 2005-இல் வந்தது. சுனாமியில் எங்கள் கட்டுமரம் போன பிறகு, நிவாரணமாக நான்கு குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு படகு கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் பிறகு விசைப்படகுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கை அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார். 2019 வரை அதில்தான் தொழில். அப்பா போன பிறகு சித்தப்பா இன்ஜினை விற்றுக் கடனை அடைத்தார். வெறும் படகு மட்டும், டேனிஷ் கோட்டை கண்ணில் படும் தூரத்தில், ஒரு பனைமரத்தடியில் கிடக்கிறது.

நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். கிரைண்டர், டிரில் எல்லாம் கைப்பழக்கம் உண்டு. பைபர் இழையை ஒட்டி இறுக்கும் ரெசினைத் தொட்டதே இல்லை. மாதம் இரண்டு முறை ஊருக்கு வருவேன், அதுதான் எனக்குக் கிடைக்கும் நேரம். திரும்பத் தொழிலுக்கு விட வேண்டும் என்றில்லை. லீவுக்கு வரும்போது சித்தப்பாவோடு தூண்டில் போட இரண்டு மைல் போய் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

போன வாரம் படகு முழுக்கப் பார்த்து எழுதிக்கொண்டேன். மணலில் இழுத்து இழுத்து, அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா தேய்ந்துபோய், நான்கு அடி நீளத்துக்கு இழை முடி மாதிரி வெளியே தெரிகிறது. முன்பக்கம், அணியத்தில், இடது புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, கருங்கல் தடுப்பில் மோதியது. பின்னால் இன்ஜின் உட்காரும் பலகையைச் சுற்றி விரிசல். அங்கே உள்ளே நின்றால் தரை மெத்தென்று அமுங்குகிறது. அப்பா எம்-சீல் வைத்து அடைத்த இடங்கள் மட்டும் 23. இன்னொன்று, முன்பு ஆறு பேர் தள்ளினால் நகரும் படகு. இப்போது பதினொரு பேர் தள்ளியும் அசையவில்லை, டிராக்டர் வைத்துத்தான் மேட்டுக்கு இழுத்தோம்.

ஊரில் ஒருவரைக் கேட்டேன். "மேலே ஒரு சுற்று மேட், அதாவது இழை விரிப்பு, போட்டு பெயிண்ட் அடித்துவிடலாம், மூன்று நாள் வேலை" என்கிறார். சரியா?

கடைசியாக ஒன்று. வலது பக்க விளிம்பில் கத்தியால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கின்றன. கயிறு அளக்க அப்பாவுடைய ஒரு பாகம். அப்பா இரண்டு கையையும் விரித்து நிற்க, சித்தப்பா கீறினாராம். அதை அழிக்காமல் வேலை செய்ய வழி உண்டா?

பதில்: ரெசின் வாளி, நாகப்பட்டினம்

தம்பி, 26 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். உங்கள் படகு வந்த அந்த வருடம் நானும் ஒரு யார்டில் இரவு பகலாக மேட் போட்டுக்கொண்டிருந்தேன். கரை முழுக்கப் படகில்லாமல் சனங்கள் நின்ற நேரம். அவசரத்தில் செய்த படகுகள் நிறைய. ரெசின் முழுதாக ஊறி, ரோலர் போட்டுக் காற்றுக்குமிழை வெளியேற்றும் முன்பே அடுத்த அடுக்கைப் போட்டவர்களும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று முதலில் படகையே கேளுங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் அரை அடிக்கு ஒரு தட்டு, முழுப் படகையும். நல்ல இடத்தில் "டக்" என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்திலும் உள்ளே ஊறிய இடத்திலும் "பொத்" என்று விழும். பொத்தென்ற இடத்தை எல்லாம் மார்க்கரால் வட்டம் போடுங்கள். ஒரு முழுநாள் ஆகும், ஆகட்டும். காலையில் காற்று எழும் முன் செய்தால் காது தெளிவாகப் பிடிக்கும்.

எடை கூடியதற்குக் காரணம் அநேகமாக ஃபோம். அணியத்திலும் பின்னாலும் மூடிய அறைகளுக்குள் மிதப்புக்காக ஊற்றியிருப்பார்கள். புதிதில் அது தண்ணீர் குடிக்காது. விரிசல் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் நின்றால் குடித்துவிடும், பிறகு வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் விடாது. மேல் தளத்தை ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக அறுத்துப் பாருங்கள். ஈரம் என்றால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

இன்ஜின் பலகைக்குள் இருப்பது ப்ளைவுட். உள்பக்கத்திலிருந்து 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் நான்கைந்து இடத்தில் துளை போடுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் பிழைத்தது. கருப்பாக, சேறு மாதிரி வந்தால் உள்தோலை அறுத்து, பலகையை எடுத்து, மரைன் ப்ளை புதிதாக வைக்க வேண்டும். இதில் தயவு பார்க்காதீர்கள். ஓடும் இன்ஜினின் உதறல் முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான்.

அந்த மூன்று நாள் வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது ரெசின் பழைய ரெசினோடு கரைந்து ஒன்றாவது கிடையாது. பழையது இறுகி முடிந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டுதான் புதியது நிற்க வேண்டும். பிடிக்கச் சொரசொரப்பும் வேண்டும், ஈரம் இருக்கவும் கூடாது. பெயிண்ட் மேலேயோ உப்புக்கு மேலேயோ மேட் போட்டால் ஒரு பருவம் தாங்கும், அடுத்த பருவத்தில் பலாத்தோல் மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

ஆகவே நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை கழுவுங்கள். உப்பு இருக்கும்வரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். படகைக் கவிழ்த்து, பழைய டயர்கள் மேல் அடி முழுக்கச் சமமாகத் தாங்கும்படி வையுங்கள். இரண்டு முனையில் மட்டும் தாங்கவிட்டால் வயிறு தொங்கி அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். பிறகு 36-ஆம் நம்பர் டிஸ்க் போட்டு, வெள்ளை வெளேரென்று சுத்தமான இழை தெரியும்வரை தேயுங்கள். அப்பா வைத்த எம்-சீல் அத்தனையும் வர வேண்டும். மாஸ்க், முழுக்கைச் சட்டை கட்டாயம். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீரில் குளித்தால் அரிப்பு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது. தேய்த்த தூளைக் கடற்கரையில் கொட்ட வேண்டாம், கீழே தார்ப்பாய் விரித்துச் சாக்கில் கட்டிவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ராத்திரி ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி வையுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இது ஆவணி. ஐப்பசி மழைக்குள் தேய்ப்பை முடித்து, காற்றுப் போகும்படி கூரை போட்டு விட்டுவிடுங்கள். மேட் வேலையைத் தையில் வைத்துக்கொள்ளலாம். சித்திரைக்குத் தள்ளினால் வெயிலில் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் எங்களில் ஒருவரும் கிடைக்க மாட்டோம், விசைப்படகு வேலை நெருக்கும்.

அணியத்து ஓட்டைக்கு: வெளிப்பக்கம் மெழுகு தடவிய மைக்கா ஷீட்டை வளைத்துக் கட்டி, உள்ளிருந்து அடுக்குங்கள். ஓட்டையின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு சரிவு. 6 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 72 மில்லிமீட்டர், மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், அதன்மேல் 600 கிராம் ரோவிங் என்ற நெய்த இழைத்துணி, திரும்ப மேட் என்று மாற்றி மாற்றி. ரோவிங் மேல் நேராக ரோவிங் போடாதீர்கள்.

இனி சொல்வதை இரண்டு தடவை படியுங்கள். ரெசினை இறுக வைக்க அதில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பிடித்து வெடிக்கும். ஒரே அளவுக்குவளையில் இரண்டையும் ஊற்றுவதுகூட வேண்டாம். முதலில் ரெசினில் கோபால்ட், நன்றாகக் கலக்குங்கள். கடைசியாக, வேலை தொடங்கும் போதுதான் கேட்டலிஸ்ட். கடையில் கேளுங்கள், சில ரெசின் கோபால்ட் கலந்தே வரும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். எங்கள் யார்டில் ஒரு பையனுக்கு ஒரு கண் அப்படித்தான் போனது. தையில் கிலோவுக்கு 15 மில்லி போதும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம்.

பதில்: முத்துக்குளித் துறை

தூத்துக்குடியில் இரண்டு படகு செய்தவன். அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஒன்று தவிர. பழைய பைபர் மேல் ஒட்டுவதற்கு எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசினுக்குத்தான் பிடிப்பு அதிகம். தண்ணீருக்குக் கீழே வரும் அந்த ஓட்டைக்காவது எப்பாக்ஸி போடுங்கள்.

பதில்: ரெசின் வாளி, நாகப்பட்டினம்

பிடிப்பு எப்பாக்ஸிக்கு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் அது விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. துணி வகை இழைதான் வாங்க வேண்டும். எப்பாக்ஸிக்கு மேல் ஜெல் கோட் என்கிற மேற்பூச்சும் சரியாகப் பிடிக்காது, பெயிண்ட்தான். முதல் முறை கை வைக்கும் பையன் இரண்டு சரக்கை வைத்துக் குழம்ப வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. பாலியெஸ்டரிலேயே ஐசோ ரெசின் வாங்கினால் போதும்.

பதில்: கழிமுகம்

அண்ணா, ஃபோமை எடுத்த பிறகு செலவு குறையுமென்று வெறும் தெர்மோகோலை வைத்துவிடாதீர்கள். என் மாமா அப்படி வைத்து, மேலே ரெசின் பூசினார். பூசப் பூச அது சர்க்கரை மாதிரி கரைந்து, அறைக்குள் பள்ளம்தான் மிஞ்சியது. ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும், பெட்ரோலும் தின்னும். நாங்கள் பிறகு மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன்களை நெருக்கமாக அடுக்கி, மேலே கழற்றிப் பார்க்கிற மாதிரி மூடி வைத்தோம். ஒரு கேன் உடைந்தாலும் மற்றவை இருக்கும், தண்ணீர் வந்தால் கண்ணுக்கும் தெரியும். மிதப்பு மட்டும் இல்லாமல் படகை இறக்காதீர்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்துதான் என் மாமா ஒரு முறை கரை சேர்ந்தார்.

அந்தப் பாகம் கோட்டுக்கு: விளிம்பில் அந்த இடத்தைப் பெயிண்ட் அடிக்காமல் விட்டு, கையால் உப்புத்தாள் மட்டும் தேய்த்து, நிறம் கலக்காத ரெசின் இரண்டு பூச்சு கொடுங்கள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். முதலில் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடிக்காரன் (பிப்ரவரி 22)

இத்தனை மாதம் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். கை நிறைய வேலை, அதைத்தான் எழுத வந்தேன்.

அண்ணே, நாணயத்தால் தட்டியதில் 41 வட்டம். பெரும்பாலும் பின்பக்கம். அணியத்து அறையை அறுத்ததும் ஒரு நாற்றம் வந்தது, ஃபோமைக் கையால் பிழிந்தால் தண்ணீர் ஓடியது. இரண்டு அறையிலும் எடுத்ததைச் சாக்கில் கட்டி, மீன் எடை போடும் தராசில் போட்டோம், 142 கிலோ. காலியான படகைத் திருப்ப ஏழு பேர் போதுமானதாக இருந்தது. சித்தப்பா வாயைத் திறக்காமல் அந்தச் சாக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு வருடம் அப்பா இந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் தள்ளியிருக்கிறார்.

இன்ஜின் பலகை முழுக்கப் போய்விட்டது, புதிதாக வைத்தேன். தேய்ப்பு மட்டும் ஒன்பது நாள். எம்-சீல் 23 என்று எழுதியிருந்தேன், பெயிண்டுக்கு அடியில் இன்னும் எட்டு இருந்தன. ஒன்றின் பின்பக்கம் அப்பாவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அதை மட்டும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பாலிதீன் தாள் மார்கழி கடைசிவரை வியர்த்துக்கொண்டே இருந்தது. தை இரண்டாம் வாரம்தான் உலர்ந்து வந்தது. முதல் கலவையில் அவசரப்பட்டு இரண்டு கிலோ கலக்கினேன், பாதி வேலையில் வாளி புகைந்தது, தூக்கி மணலில் கவிழ்த்தோம். அதன்பின் ஒரு கிலோவைத் தாண்டவில்லை. ஓட்டை அடைந்துவிட்டது, நாணயம் போட்டால் கணீரென்கிறது. அடி முழுவதற்கும் ஒரு அடுக்கு 450 மேட் போட்டேன், 9 கிலோ மேட்டுக்கு 22 கிலோ ரெசின் பிடித்தது. கழிமுகம் சொன்னபடி கேன்கள் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் அடுக்கவில்லை.

பாகம் கோடு அப்படியே இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், 5 அடி 7 அங்குலம். நான் கையை விரித்து நின்றால் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை வெளியே போகிறது. சித்தப்பா நங்கூரக் கயிறு புதிதாக வாங்கி வந்து, 30 பாகம் என்று அந்தக் கோட்டில் வைத்து அளந்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

இப்போது கேள்வி ஏராவைப் பற்றி. தேய்ந்த நான்கு அடிக்கு மட்டும் கூடுதல் அடுக்கு போட்டால் போதுமா, முழு நீளத்துக்கும் போட வேண்டுமா? மணலில் இழுப்பதைத் தாங்க மேலே வேறு எதையாவது பதிக்கும் வழக்கம் உண்டா? அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் சரக்கு வாங்கிக்கொண்டு போவேன்.