அப்பாச்சியில் ஓடும் ஸ்கிரிப்ட் என்ஜின்எக்ஸில் "விலை கிடைக்கவில்லை" என்கிறது – உதவி தேவை

சேர்வராயன்வெப்:
ஏற்காடு காப்பித் தோட்டக்காரர்களுக்கான விலைப் பக்கம். அரபிகா பார்ச்மென்ட், ரோபஸ்டா செர்ரி, மிளகு என்று பழைய விலைகளோடு சேர்த்து ஒரே ஜேசன் (தரவை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பு, 900 கேபி. எக்ஸ்எச்ஆர் (பக்கத்திலிருந்தே சர்வரிடம் தரவு கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதி) வழியாக அதை எடுத்து அட்டவணையில் நிரப்புகிறேன். சேலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் (ஸாம்ப், அதாவது அப்பாச்சி வெப் சர்வர் அடங்கிய தொகுப்பு, சாதா எச்டிடிபி) ஒரு குறையும் இல்லை. வாடகை சர்வரில் (என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு வெப் சர்வர், எச்டிடிபிஎஸ்) ஏற்றினால் 405 பிழை (இந்த முறையில் கேட்க அனுமதி இல்லை). கேஷ் ஆகக்கூடாது என்று போஸ்ட் (சர்வருக்குத் தரவு அனுப்பும்) முறையில் கேட்டிருந்தேன். அதை கெட் (சும்மா எடுக்கும் முறை) ஆக்கினால் 200 (வெற்றி) வருகிறது, ஆனாலும் "விலை கிடைக்கவில்லை" செய்திதான். மலையில் சிக்னல் மோசம் என்பதால் வைத்த பிராக்ரஸ் பாரும் "இன்ஃபினிட்டி %" காட்டுகிறது. ஸ்கிரிப்டில் வெற்றியைச் சோதிக்கும் வரி: ஸ்டேட்டஸ்டெக்ஸ்ட் (பதில் எண்ணோடு வரும் சொல்) "ஓகே" என்று இருந்தால் நிரப்பு, இல்லாவிட்டால் பிழை.

குகைத்தெரு:
405க்கு மட்டும் சொல்றேன். வெறும் கோப்புக்கு போஸ்ட் அனுப்பினா அப்பாச்சி அதையும் கெட் மாதிரியே நினைச்சு கோப்பைக் கொடுத்துடும். என்ஜின்எக்ஸ் கொடுக்காது, 405னு திருப்பிடும். 405ஐ 200ஆ மாத்துற எர்ரர்பேஜ் தந்திரம் ஒண்ணு சுத்திட்டு இருக்கு, அந்தப் பக்கமே போகாதீங்க. கெட்டே போதும். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல அந்தக் கோப்புக்குத் தனியா ஒரு லொக்கேஷன் பிளாக் எழுதி, ஆட்ஹெடர் (பதிலோட ஒரு ஹெடர் வரியைச் சேர்க்கிற கட்டளை) போட்டு கேஷ்-கண்ட்ரோல்ல நோ-கேஷ் கொடுங்க. நோ-கேஷ்னா சேமிக்காதேன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு தடவையும் சர்வர்கிட்ட கேட்டுட்டு எடுன்னு அர்த்தம். விலை மாறலைன்னா 304 (மாறலைங்கிற பதில்) மட்டும்தான் வரும். போஸ்ட்ல 900 கேபியும் தினம் தினம் மலையேறும்.

அஸ்தம்பட்டி:
ரெண்டாவது கோளாறுக்குக் காரணம் அந்தச் சோதனை வரிதான். எச்டிடிபி 1.1 பதிலோட முதல் வரியில "200 ஓகே"ன்னு எண்ணும் சொல்லும் சேர்ந்து வரும். எச்டிடிபி 2ல எண் மட்டும்தான், சொல்லை எடுத்துட்டாங்க. அதனால ஸ்டேட்டஸ்டெக்ஸ்ட் காலியா இருக்கு. பிரவுசர்கள் எச்டிடிபி 2ஐ எச்டிடிபிஎஸ் மேலதான் பேசும், அதான் ஸாம்ப்ல இது தலைகாட்டவே இல்ல. பாவம், என்ஜின்எக்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல. அப்பாச்சியில எச்டிடிபி 2 போட்டாலும் இதே கதிதான். உறுதிப்படுத்த: பிரவுசர் டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க் பட்டியல் தலைப்புல ரைட் கிளிக் பண்ணி புரோட்டோகால் நெடுவரிசையைச் சேருங்க, "எச்2"ன்னு தெரியும். சோதனையை ஸ்டேட்டஸ் எண் 200க்கு மாத்துங்க. எக்ஸ்எச்ஆருக்குப் பதிலா ஃபெட்ச்சுக்குப் போனா ரெஸ்பான்ஸ்.ஓகே பாருங்க, பேர் அப்படி இருந்தாலும் அது 200–299 எண்ணைத்தான் பார்க்குது.

பிராக்ரஸ்: சர்வர் ஜேசனைப் போற போக்குல ஜிஸிப் பண்ணுது (சுருக்கி அனுப்புது), அப்போ முழு நீளம் முன்கூட்டித் தெரியாது, கன்டென்ட்-லெங்த் வராது. டோட்டல் 0. அதால வகுத்தா இன்ஃபினிட்டிதான். ஜிஸிப்பை நிறுத்தாதீங்க, அந்த சிக்னல்ல அதுதான் உயிர். லெங்த்கம்ப்யூட்டபிள் (நீளம் தெரியுமான்னு சொல்ற குறி) ஃபால்ஸ்னா சதவீதக் கணக்கை விட்டுட்டு, புரோக்ரஸ் டேக்ல இருந்து வேல்யூ அட்ரிபியூட்டை எடுத்துடுங்க. பட்டை தானா ஓடிட்டே இருக்கும்.

சேர்வராயன்வெப்:
மூன்றும் சரியாகிவிட்டது, நன்றி ரெண்டு பேருக்கும். ஆனால் நோ-கேஷ் போட்ட பிறகு அந்தக் கோப்புக்கு மட்டும் நோஸ்னிஃப் ஹெடர் (கோப்பு வகையை பிரவுசர் தானாக ஊகிக்காமல் தடுப்பது) காணோம். சர்வர் பிளாக்கில் அது அப்படியேதான் இருக்கிறது.

குகைத்தெரு:
லொக்கேஷனுக்குள்ள ஒரு ஆட்ஹெடர் எழுதினாலே மேல் மட்டத்துல இருக்கிற ஆட்ஹெடர் எதுவும் உள்ளே இறங்காது. நோஸ்னிஃப் வரியை அங்கேயும் எழுதுங்க. ஹெடர் நிறைய இருந்தா தனிக் கோப்புல வெச்சு ரெண்டு இடத்துலயும் இன்க்ளூட் பண்ணிக்கலாம். ரீலோடுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் கட்டளையோட மைனஸ் டி போட்டு கான்ஃபிக்கைச் சோதிச்சுக்குங்க.