புதுப்பிப்பு: கடற்கரைச் சந்திப்புக்குச் செய்த ஸ்பாம் முசுபி உதிரவில்லை

ஹொனலுலுவில் நண்பர்கள் கடற்கரையில் கூடும்போது கொறிக்க ஸ்பாம் முசுபி (டின்னில் வரும் ஸ்பாம் இறைச்சித் துண்டைச் சோற்றுக் கட்டிமேல் வைத்துச் சுற்றிய ஹவாய் தின்பண்டம்) செய்ய வேண்டும், முன்கூட்டியே செய்து வைத்தால் சோறு விறைத்து உதிர்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள்" என்ற பதில்தான். கிளம்பும் முன் கால்ரோஸ் என்ற ஒட்டும் வகை அரிசிச் சோற்றைச் சூடாகவே அச்சில் அழுத்தினேன். ஸ்பாம் டின்னின் அடியையும் வெட்டிவிட்டால் அதுவே அச்சு. விளிம்பு கையைக் கிழிக்கும், பார்த்து. சோயா சாஸும் சர்க்கரையும் விட்டு ஓரம் சிவக்க வறுத்த ஸ்பாம் துண்டை மேலே வைத்து, நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) சுற்றி, உடனே பிளாஸ்டிக் தாளில் மடித்தேன். ஆவியில் நோரி இளகிச் சோற்றோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றுகூட உடையவில்லை.

வினிகர் கலக்கச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. அது சுஷிக்கு, முசுபிக்கு வெறும் சோறே போதும்.

எதிர்பாராத விஷயம்: இவ்வளவு பாடுபட்ட முசுபியை விட, லி ஹிங் முய் பொடி தூவிய அன்னாசித் துண்டுகள்தான் முதலில் காலி. உப்பு போட்டு உலர்த்திய பிளம் பழப் பொடி அது. வெட்டித் தூவினால் வேலை முடிந்தது. அப்புறம், ஆஹி போகே (மசாலா சேர்த்த பச்சை டூனா மீன் துண்டுகள்) கொண்டுபோவதானால் கிண்ணத்தை ஐஸ் மேலேயே வையுங்கள்.