ஜெர்மனி அமைப்பு கூட்டாளியாகச் சேரக் கூப்பிடுகிறது. நம் களப்பணியாளர்களுக்கு இதனால் அங்கீகாரம் கிடைக்குமா?

மாலை_மையம்:
வியாசர்பாடி பக்கம் ஒரு இளைஞர் மையம். சங்கமாகப் பதிவு செய்து 6 வருஷம் ஆகிறது. 5 களப்பணியாளர்கள், 14 முதல் 24 வயது வரை பசங்களும் பொண்ணுங்களுமாக 80 பேர். தினமும் மாலை 5 முதல் 8 வரை படிப்பு, கால்பந்து, வேலை வழிகாட்டல், போதை பற்றிய பேச்சு.

ஜெர்மனியில் ஓர் இளைஞர் அமைப்பு எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி, இளைஞர் நிதித் திட்டத்தில் எங்களையும் சேர்த்து விண்ணப்பிக்க விரும்புகிறது. மூன்று சந்தேகம். இந்தியாவில் இருந்து சேர முடியுமா? பணம் வந்தால் எப்படி வாங்குவது (எங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லை)? அவர்கள் சொல்லும் யூத்பாஸ் சான்றிதழ் இங்கே செல்லுபடி ஆகுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். எங்கள் ஆட்கள் வேறு வேலைக்குப் போனால் "என்.ஜி.ஓ.வில் வாலண்டியரா இருந்தீங்க, சரி, வேலை அனுபவம் எத்தனை வருஷம்?" என்கிறார்கள். நாலு வருஷ உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை.

பிரசெல்ஸ்_நேரம்:
எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். எராஸ்மஸ் பிளஸ்ஸுக்கு ஒரே வாசல் இல்லை. இளைஞர் பரிமாற்றம், இளைஞர் பணியாளர் பயணம் இரண்டும் ஐரோப்பாவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் மட்டும். இளைஞர் துறைக்கான திறன் மேம்பாட்டுப் பிரிவில் 2014–2020 காலத்தில் ஆசிய அமைப்புகளும் சேர முடிந்தது. 2021–2027 திட்டத்தில் அந்தக் கதவு நமக்கு மூடப்பட்டுவிட்டது. பழைய ஞாபகத்தில் அழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் அழைக்கிறார்கள், ஆனால் வழிகாட்டிக் கையேட்டின் தகுதியுள்ள நாடுகள் பட்டியலைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு மிஞ்சுவது ஒத்துழைப்புக் கூட்டாண்மைப் பிரிவு. திட்ட நாடுகளில் (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் திட்டத்தோடு இணைந்த நாடுகளும்) மூன்றில் இருந்து குறைந்தது 3 அமைப்புகள், 12 முதல் 36 மாதம், மொத்தமாக 1,20,000 அல்லது 2,50,000 அல்லது 4,00,000 யூரோ. இந்திய அமைப்பு விண்ணப்பதாரராக முடியாது, கூட்டாளியாகலாம். அதுவும் நீங்கள் இல்லாவிட்டால் திட்டத்தில் ஏதோ ஒன்று உண்மையிலேயே குறையும் என்று காட்டினால்தான். காட்டாவிட்டால் மதிப்பீட்டின்போது உங்களை மட்டும் கழற்றிவிட்டு மீதியைப் பார்ப்பார்கள்.

அதைக் காட்டும் பத்தியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "இந்தியாவின் வளமான பண்பாட்டு அனுபவம்" என்று எழுதினால் மதிப்பெண் விழாது. "பள்ளியை விட்டு நின்ற 15–18 வயதினரைக் கால்பந்து வழியாக மீண்டும் படிப்புக்குக் கொண்டுவரும் முறை, அதன் வாராந்தர அட்டவணை, வருகைப் பதிவேடு, அதில் பயிற்சி பெற்ற 5 பணியாளர்கள், மற்ற கூட்டாளிகளிடம் இது இல்லை" என்று எழுதுங்கள். ஐரோப்பிய இணையதளத்தில் அமைப்பைப் பதிந்து அடையாள எண் வாங்க வேண்டும் (E எழுத்தும் 8 இலக்கமும்). அதிகாரம் அளிக்கும் கடிதத்தில் தலைவர் கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் வழக்கமாக மார்ச் தொடக்கத்தில், பிரசெல்ஸ் நேரம் பகல் 12 மணி. நமக்கு அது மாலை 4.30. நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பணம் பற்றி மட்டும்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு யூரோகூட சங்கக் கணக்கில் விழக்கூடாது. செயலாளரின் சொந்த சேமிப்புக் கணக்கில் வாங்கி மையத்துக்குச் செலவழிப்பது அதைவிட மோசம். மடிக்கணினி, கேமரா என்று பொருளாக அனுப்பினாலும் சங்கத்துக்கு வந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். "பதிவு வைத்திருக்கும் இன்னொரு அமைப்பு வழியாக வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 2020-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 7-ம் பிரிவு அப்படிக் கைமாற்றுவதைத் தடுத்துவிட்டது. சேவைக் கட்டணம் என்று பில் போடலாமே என்பார்கள். வணிகக் கட்டணத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் கூட்டாளி என்று கையெழுத்திட்ட அதே திட்டத்துக்குப் பில் போட்டால் தணிக்கையில் நிற்காது.

பதிவுக்கு 3 ஆண்டு செயல்பாடும், அந்த 3 ஆண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவும் தேவை. தணிக்கை அறிக்கையில் அது தெரிய வேண்டும். தர்ப்பண் (நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. இணையதளம்) பதிவு எண் வேண்டும். பணம் வரும் கணக்கு புதுடெல்லி சன்சத் மார்க் எஸ்.பி.ஐ. பிரதான கிளையில்தான் இருக்க வேண்டும்; அங்கிருந்து சென்னைக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். 15 லட்சம் எட்டவில்லை என்றால் முன் அனுமதி. அதற்கு நன்கொடையாளர் பெயரும் தொகையும் குறிப்பிட்ட உறுதிக் கடிதமும் திட்ட அறிக்கையும் வேண்டும். ஆகவே மார்ச் விண்ணப்பத்துக்கு அது உதவாது, திட்டம் தேர்வான பிறகுதான் உறுதிக் கடிதமே வரும்.

வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. களப்பணியாளர் சம்பளம் திட்டச் செலவா, நிர்வாகச் செலவா என்பது பணி நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "அலுவலக உதவி மற்றும் களப்பணி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஆடிட்டர் நிர்வாகத்தில் தள்ளிவிடுவார். வாரத்துக்கு எத்தனை மணி இளைஞர்களோடு நேரடி வேலை என்பதைக் கடிதத்திலேயே போடுங்கள்.

என் யோசனை: இந்த முறை நிதி பெறாத இணைக் கூட்டாளியாகச் சேருங்கள். எராஸ்மஸ் பிளஸ்ஸில் அப்படி ஓர் இடம் உண்டு. வேலை இருக்கும், பணம் வராது, சட்டச் சிக்கலும் வராது. அந்த இடைவெளியில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

மணிக்கணக்கு:
யூத்பாஸ் 2007-ல் வந்தது. எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பிரிவிலும் ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற இளைஞர் தன்னார்வத் திட்டத்திலும் கற்றதைப் பதிவு செய்யும் கருவி அது. எந்தச் செயல்பாட்டுக்கு அதைத் தரலாம் என்பதையும் திட்டம்தான் வரையறுக்கிறது. ஜெர்மனி அமைப்பு தன் நாட்டில் திட்டத்தை நடத்தும் தேசிய முகமையிடம் கேட்டு எழுத்தில் வாங்கட்டும். கிடைத்தாலும் அது பட்டமும் இல்லை, பட்டயமும் இல்லை. கிண்டியில் உட்கார்ந்திருக்கும் எச்.ஆருக்கு அந்தப் பெயரே தெரியாது.

ஆனால் அதன் உள்ளே இருக்கும் முறை இங்கே உதவும். என்ன செய்தேன், எதைக் கற்றேன், யார் பார்த்தார்கள் என்று பணியாளரே எழுதி, இன்னொருவரோடு உட்கார்ந்து சரிபார்ப்பது. கவுன்சில் ஆஃப் யூரோப்பின் இளைஞர் பணிக் கோப்பு இதற்கு இன்னும் பொருத்தம்: இலவசம், இளைஞர் பணியை 8 செயல்பாடுகளாகப் பிரிக்கிறது, எந்தத் திட்டத்திலும் சேராமலே பயன்படுத்தலாம். (கவுன்சில் ஆஃப் யூரோப் வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பாதீர்கள்.)

வித்தியாசத்தைப் பாருங்கள். இப்போது நீங்கள் கொடுக்கும் கடிதம் இப்படித்தான் இருக்கும்: "இவர் எங்கள் மையத்தில் தன்னார்வலராகச் சிறப்பாகப் பணியாற்றினார்." அதற்குப் பதில்: "இளைஞர் பணியாளர். 14–17 வயதுள்ள 22 பேர் கொண்ட குழுவை 12 வாரம், வாரம் 3 மாலை, தலா 2 மணி, மொத்தம் 72 மணி நேரம் நடத்தினார். அமர்வுத் திட்டம் தயாரித்தார், பெற்றோர் கூட்டம் 4 நடத்தினார், பாதுகாப்புப் புகார் நடைமுறையைப் பின்பற்றினார். மதிப்பிட்டவர்: ஒருங்கிணைப்பாளர், நேரில் 3 அமர்வுகள் பார்த்து." இதைப் படிப்பவருக்கு "வாலண்டியர்" என்று தள்ளுவது கஷ்டம்.

உள்ளூர் அங்கீகாரத்துக்கும் இதே காகிதம்தான் வேண்டும். படிப்பையும் பயிற்சியையும் மணிக்கணக்கில் அளக்கும் இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். 72 மணி என்றதும் 2.4 கிரெடிட் கையில் வந்துவிடாது. சான்று வழங்க அனுமதி பெற்ற அமைப்பு மதிப்பீடு செய்தால்தான் உண்டு. முன் அனுபவக் கற்றலை ஏற்கும் மதிப்பீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது பதிவேடுதான். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2012 சட்டத்தால் தேசிய முக்கியத்துவ நிறுவனமானது. எழும்பூரில் சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. அந்தத் துறைகளில் யாராவது ஒருவரை வெளி மதிப்பீட்டாளராக ஆண்டுக்கு இரண்டு நாள் கூப்பிடுங்கள். வெளிநாட்டு முத்திரையைவிட அந்தக் கையெழுத்துக்கு இங்கே எடை அதிகம்.

இளைஞர் பணியைத் தொழிலாகப் பார்ப்பது ஐரோப்பா நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ற நினைப்பும் வேண்டாம். காமன்வெல்த் இளைஞர் திட்டம் 1973-லேயே தொடங்கி இளைஞர் மேம்பாட்டுப் பட்டயம் நடத்தியது. ஆசியாவுக்கான மையம் சண்டிகரில் இயங்கியது.

மாலை_மையம்:
நன்றி. இணைக் கூட்டாளி யோசனை பிடித்திருக்கிறது. இரண்டு கேள்வி. ஜெர்மனிக்காரர்களே டிக்கெட் போட்டு ஒரு பணியாளரைப் பயிற்சிக்கு அழைத்தால்? அப்புறம், போன 4 வருஷத்துக்கும் இப்போது புதிய கடிதம் கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்களே நேரடியாகக் கட்டினால் அது வெளிநாட்டு விருந்தோம்பல். முன் அனுமதி தேவைப்படுவது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், அரசு ஊழியர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள் போன்றோருக்கு. உங்கள் பணியாளர் அரசு வேலையில் பகுதி நேரமாகவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுத்து "நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிரசெல்ஸ்_நேரம்:
விசாவில் தட்டுவது இது: அழைப்புக் கடிதத்தில் யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று தெளிவாக இல்லாதது. பயணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு நான்கையும் தனித்தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். உங்கள் சங்கம் தரும் கடிதத்தில் "தன்னார்வலர்" என்று இருந்து, விண்ணப்பத்தில் "ஊழியர்" என்று இருந்தால் அங்கேயே சந்தேகம் தொடங்கும்.

ஆன்லைன் கூட்டத்துக்கு மாலை 5–8 வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வசதியான மதிய நேரம்தான் உங்கள் மையம் நிரம்பி வழியும் நேரம். நம் பகல் 2.30 அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை 10, கோடையில் 11.

மணிக்கணக்கு:
பழைய கடிதம்: பதிவேடு தாங்குகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். வருகைப் பதிவில் கையெழுத்தும், சம்பள வவுச்சரில் அதே மாதமும் இருந்தால் அந்த மாதத்துக்கு மணிக்கணக்கு போடலாம். இல்லாத மாதத்துக்குத் தேதியும் பதவியும் மட்டும். வவுச்சரில் "மதிப்பூதியம்" என்று எழுதிவிட்டுக் கடிதத்தில் "சம்பளம்" என்று போடாதீர்கள், கேட்பவர் வங்கிக் கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார். வரும் மாதத்தில் இருந்து வவுச்சரிலேயே "இளைஞர் பணியாளர்" என்று மாற்றிவிடுங்கள்.